குதிரைக்காரன் கையில் பசை

கத்திரிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சபைப் பதிவேட்டிலும் வங்கிக் கணக்கிலும் பத்திரமாக இருக்கிறது, கூப்பிடத்தான் ஆளில்லை. காகிதம் என்று எதைக் கண்டாலும் அவள் கை சும்மா இருக்காது. பிஸ்கட் பாக்கெட்டின் தங்க உறை, கல்யாணப் பத்திரிகையின் பூ ஓரம், மருந்துக் கம்பெனிக்காரர் விட்டுப்போன காலண்டர், எல்லாம் அவளிடம் வந்தால் வாழ்த்து அட்டையாகத்தான் திரும்பிப் போகும். பிறந்தநாளா, கல்யாணமா, ஞானஸ்நானமா, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா, சபையில் யாருக்கு எது என்றாலும் கத்திரியின் அட்டை போய் நிற்கும். மடித்து, ஒட்டி, ரிப்பன் கட்டி, மேலே ஜிகினா தூவியிருப்பாள். அந்த ஜிகினா அவளை விட்டு லேசில் போகாது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளிடம் ரத்தம் கொடுத்தவர்கள் முழங்கையில் மினுமினுப்போடு வீடு போய்ச் சேர்வதுண்டு. யாரும் குறை சொன்னதில்லை. ஊசி குத்தியதே தெரியாத கை அவளுக்கு.

அட்டைக்கு அடுத்தபடி, ஏன், அட்டைக்கும் ஒரு படி மேலேயே அவளுக்கு உயிர் எதுவென்றால், சபை நூலக அலமாரியில் இருக்கும் காதல் நாவல்கள். காதல் நாவல் என்றதும் யாரும் முகம் சுளிக்க வேண்டாம். இவை பக்தியுள்ள காதல் நாவல்கள். எங்கோ பனி கொட்டும் தேசத்தில் யாரோ எழுதி, இங்கே யாரோ ஒரு புண்ணியவான் தமிழாக்கியவை. கதாநாயகன் விசுவாசத்தைத் தொலைத்தவனாக இருப்பான். கதாநாயகி பள்ளிக்கூட ஆசிரியையாக இருப்பாள், பெற்றவர்கள் இருக்க மாட்டார்கள். பாதிப் புத்தகம் தாண்டினால்தான் விரல் விரலில் படும். பட்டதற்கு இரண்டு பேரும் ஒரு அத்தியாயம் முழுக்க வருத்தப்படுவார்கள். ஒரே ஒரு முத்தம். அதுவும் கடைசிப் பக்கத்தில். அதுவும் ஜெபம் முடித்த பிறகு. அந்த ஒன்றுக்காக முந்நூறு பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிற சுகம், முதல் பக்கத்திலேயே கட்டிப் பிடித்துக்கொள்கிற கதைகளைப் படிக்கிறவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது!

ஆனால் காத்திருப்பது கத்திரிக்கு ஆகாது. கடைசி அத்தியாயத்தை முதலில் எட்டிப் பார்த்துவிடுவாள். பார்த்துவிட்டு, தெரிந்துபோயிற்றே என்று தானே தலையில் அடித்துக்கொள்வாள். இந்தக் கெட்ட புத்திக்கு அவளே ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தாள். அலமாரிப் புத்தகங்கள் பல கை பட்டு முதுகு விட்டுப்போனவை. லேசாக இழுத்தால் கடைசி அத்தியாயம் கையோடு வந்துவிடும். அதைக் கழற்றி ஒரு கிளிப் போட்டு எங்காவது ஒளித்துவிடுவாள். மற்றதை எல்லாம் படித்த பிறகு எடுத்துப் படித்து, பசை தடவி ஒட்டித் திருப்பிக் கொடுப்பாள். முன்பெல்லாம் ஒளித்து வைக்கும் பொறுப்பு அண்ணியிடம் இருந்தது. அண்ணி என்ன செய்வாள் என்றால், அதைத் தான் படித்துவிட்டு, பாத்திரம் கழுவிக்கொண்டே, "பாவம், அவனுக்கு ஒரு கால் போயிடுது" என்று சொல்லிக் கொல்லுவாள். எந்தக் கதையிலும் யாருக்கும் கால் போனதில்லை. அதனால் இந்த முறை, குதிரைப் பண்ணைக்காரன் கதை கைக்கு வந்தபோது, அதன் கடைசி அத்தியாயத்தைக் கத்திரி தானே ஒளித்தாள். அட்டை வேலைக்கான சாமான்களுக்கு நடுவே, இப்போதைக்குத் தொடவே மாட்டோம் என்று நம்பிய ஒரு தகர டப்பாவில் போட்டு மூடினாள்.

அது அவளுடைய ரோஜா டப்பா. உபயோகமில்லாத பழைய அச்சுத் தாள்கள் அதில் கிடக்கும். தாளை வட்டமாக வெட்டி, வட்டத்தைச் சுருளாக வெட்டி, ஓரத்திலிருந்து சுருட்டிக்கொண்டே போனால் எழுத்தோடு கூடிய ஒரு ரோஜா கிடைக்கும். அட்டையில் ஒட்டினால் பார்க்கிறவர்கள் தொட்டுப் பார்க்காமல் விடமாட்டார்கள். ஆனால் ரோஜா அட்டை கேட்டு யாரும் வந்து வெகு நாளாயிற்று.

அந்த வாரம் பார்த்துத்தான் கேட்டார்கள். கேட்டது பாஸ்டரம்மா. மகள் கல்யாணத்துக்கு வந்து போனவர்களுக்கெல்லாம் நன்றி அட்டை அனுப்ப வேண்டும். மகளும் மருமகனும் ஊருக்குக் கிளம்புவதற்குள் வேண்டும். ரோஜா வைத்துத்தான் வேண்டும். பாஸ்டரம்மாவே நூலக அலமாரிக்கும் பொறுப்பு. சிரித்த முகம்தான், ஆனால் அலமாரி விஷயத்தில் சிரிப்பு செல்லாது. புத்தகத்தைச் சேதப்படுத்தியவர் ஒரு வருஷத்துக்கு அந்த அலமாரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

சரி, வெட்டுவதற்கு முன் தாளை ஒரு முறை புரட்டிப் பார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். பார்த்திருப்பாள். அன்றைக்குக் காலையில் பைண்டர் மட்டும் வராமல் இருந்திருந்தால் கட்டாயம் பார்த்திருப்பாள்.

பைண்டர் கல்லூரிக்குப் பின்பக்கத் தெருவில் கடை வைத்திருக்கிறவர். மாணவர்களின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு அட்டை போட்டு, முதுகில் தங்க எழுத்து அடித்துக் கொடுப்பார். நாற்பதைத் தாண்டியவர். தங்கைகளை ஒவ்வொருத்தியாகக் கரையேற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது, இவருக்குப் பெண் பார்க்கலாம் என்ற பேச்சையே ஊர் மறந்துவிட்டிருந்தது. மாதா மாதம் அம்மாவைச் சர்க்கரை பார்க்க அழைத்து வருவார். அம்மா கையை நீட்டுவாள். பிள்ளை அம்மாவின் பையை மடியில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். ரத்தத்தைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும். "இந்த மண்டூவுக்கு மீசை மட்டும்தான் வளர்ந்திருக்கு" என்பாள் அம்மா.

அன்று காலை அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "அந்தக் குதிரைக் கதை... அடுத்தது எங்க முறை சிஸ்டர். ஞாயித்துக்கிழமை கிடைச்சுடுமா? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். படிக்கக் கூடாதுன்னுட்டாங்க. நான்தான் வாசிச்சுக் காட்டணும்."

"கண்டிப்பா" என்றாள் கத்திரி. குரல் கொஞ்சம் கூடுதலாகவே இனித்தது.

அவர் எழுந்து, அம்மாவோடு வாசல்வரை போய், தான் மட்டும் திரும்பி வந்தார். "உங்க கை நல்ல கை சிஸ்டர். அம்மாவுக்கு வேற யார் குத்தினாலும் வலிக்குதாம்." சொல்லிவிட்டு, அம்மாவின் பையை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போய், மறுபடி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

இது போதாதா? முந்நூறு பக்கத்துக்கு விரல்கூடப் படாத கதைகளைப் படித்து வளர்ந்தவளுக்கு, 'உங்க கை நல்ல கை' என்பது கிட்டத்தட்டக் கல்யாணம் மாதிரி. அந்த 'சிஸ்டர்'தான் இடித்தது. சபையிலும் சிஸ்டர், ஊசி குத்துகிற இடத்திலும் சிஸ்டர். ஒரு பெண்ணுக்கு இரண்டு பக்கமும் இப்படி அணை கட்டினால் அவள் எங்கே போவாள்? இருந்தாலும் அன்று மாலை அவள் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத் திறந்தாள், தாளை எடுத்தாள், பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே வெட்டினாள், சுருட்டினாள், ஒட்டினாள். ரோஜாக்கள் மலர்ந்துகொண்டே போயின. மறுநாளே அட்டைகள் பாஸ்டரம்மாவிடம் போய், அங்கிருந்து தபாலில் ஊர் ஊராகப் பறந்தன. கிளிப்பை எதிலிருந்து கழற்றினோம் என்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

சனிக்கிழமை மதியம், அரைநாள் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தபோது, குதிரைக் கதை உச்சத்துக்கு வந்தது. ஆசிரியை மனம் வெறுத்து ரயில் ஏறிவிட்டாள். விஷயம் தெரிந்த பண்ணைக்காரன் கொட்டும் பனியில் குதிரையை விரட்டுகிறான். ரயில் ஊதுகிறது. அத்தோடு அத்தியாயம் முடிந்தது. கத்திரி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஒரு கிளிப் இருந்தது.

டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். மேசைக்கு அடியில் தவழ்ந்தாள். கடைசியில், மாதிரிக்கு என்று வைத்துக்கொண்ட ஒரே ஒரு நன்றி அட்டையை எடுத்து, அதிலிருந்த ரோஜாவைப் பிரித்தாள். சுருளில் 'மண்டியி' என்று ஓர் இடத்தில் இருந்தது. சுற்றிப் போனால் 'குதிரைக்கு மூச்சு' என்று இருந்தது. நடு மொட்டில், கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால், 'ஆமெ'.

"அண்ணீ!"

அண்ணி வந்து பார்த்தாள். விஷயம் புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதுவும் போதாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "கல்யாணத்துக்கு வந்தவங்க எல்லாருக்கும் ஆளுக்கொரு துண்டு கிளைமாக்ஸா?"

"சிரிக்காதீங்க அண்ணி. நாளைக்குப் புக்கைக் குடுக்கணும்."

"போய் உண்மையைச் சொல்லிடு. என்ன, ஒரு வருஷம் புக் கிடையாது. வீட்டுல வேலையாவது நடக்கும்."

"அது போனாப் போகுது. அடுத்தது அவங்க வீட்டு முறை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்திருக்கற அம்மாகிட்ட, உங்க கதையோட முடிவை வெட்டிப் பூப் பண்ணிட்டேன்னு எந்த முகத்தை வெச்சுக்கிட்டுச் சொல்வேன்?"

"அம்மாகிட்டயா, பிள்ளைகிட்டயா?"

கத்திரிக்குக் காது சிவந்தது. அவளுக்கு வேண்டியது, அந்த மனிதர் முன்னால் அசட்டுத்தனமாக நிற்காமல் இருப்பது. அதற்கும் மேலே ஒன்று வேண்டும். அதை அவள் ஜெபத்தில்கூட வாய்விட்டுக் கேட்டதில்லை. அண்ணிக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தாள்.

"இத்தனை வருஷமா இதைத்தானே படிக்கறே? எல்லாக் கதையும் எப்படி முடியுது? மண்டி போடுவான், கேப்பான், அவ ஒரு ஜெபம் பண்ணிட்டுச் சரின்னுவா, மணி அடிக்கும். நீயே எழுதி ஒட்டேன்."

அண்ணி விளையாட்டாகத்தான் சொன்னாள். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் கத்திரி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டிருந்தாள்.

சனிக்கிழமை மதியத்தோடு பரிசோதனை நிலையம் மூடிவிடும். சாவி அவளிடம்தான் இருந்தது. ரிப்போர்ட் அடிக்கிற கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். முதல் வரி வருவதற்குத்தான் நேரமாயிற்று. 'பனி கொட்டியது' என்று ஒன்றைத் தட்டியதும் மடை திறந்துவிட்டது. ரயிலை நிறுத்தினாள். ஆசிரியையை இறக்கினாள். பண்ணைக்காரனைக் குதிரையிலிருந்து குதிக்க வைத்தாள். அவன் பேசினான், அவள் அழுதாள், இவளும் அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பக்கம் பக்கமாகத் தட்டினாள். இப்படி ஒரு சந்தோஷம் படிப்பதில்கூட இருந்ததில்லை அவளுக்கு. அவன் என்ன சொல்ல வேண்டும் என்பதை இவளே தீர்மானிக்கலாம்! ஒரே ஓர் இடத்தில்தான் தடுக்கியது. அவன் கேட்க வேண்டிய அந்தக் கேள்வி. அதைத் தட்டப் போகும்போதெல்லாம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். கடைசியில் அந்த இடத்தைத் தாண்டிக் குதித்து, கோயில் மணியை அடித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் அவள் ராஜ்ஜியம். அச்சடித்த தாள்களை டீத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தால் பழைய தாளின் நிறம் வந்துவிடும்; அட்டை செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை அது. அளவாக நறுக்கி, முதுகில் பசை தடவி, மேலே கனமான வேதாகம அகராதியை ஏற்றி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாஸ்டரம்மா புத்தகத்தை வாங்கி, மேலோட்டமாகப் புரட்டி, "கத்திரி கை பட்டா புக்கே புதுசாயிடுது" என்று மெச்சிக்கொண்டு பைண்டரிடம் நீட்டினார். பைண்டர் அதைச் சட்டையோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியைப் பார்த்து கத்திரிக்கு வாயெல்லாம் பல்லாக இருந்தது.

அந்த வாரம் முழுக்கச் சிரிப்பு நீடித்தது. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு தாத்தாவின் கையில் நரம்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். தாத்தா கண்ணை இறுக மூடிக்கொண்டார். பண்ணைக்காரனும் இப்படித்தானே மூடிக்கொள்வான் என்று அவளுக்குத் தோன்றியது. எப்போது மூடினான்? ஆசிரியையின் விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் வந்தபோது. எந்த அத்தியாயத்தில்? கடைசி அத்தியாயத்தில். யார் எழுதியது?

ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அந்தச் சனிக்கிழமை எழுதியதெல்லாம் ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்று கும்பிடு போட்டது. முன் அத்தியாயம் வரை காளையை ஒற்றைக் கையால் அடக்கிய பண்ணைக்காரன், இவள் கைக்கு வந்ததும் ரத்தம் கண்டு கண்ணை மூடினான். விரல் நுனியில் காய்ந்திருந்த பசையைச் சட்டையில் தேய்த்துத் துடைத்தான். அம்மாவின் பையை மறந்து வைத்துவிட்டுத் திரும்பி வந்து எடுத்தான். பண்ணையில் பசை எதற்கு? ரயில் நிலையத்தில் அம்மாவின் பை எங்கிருந்து வந்தது? எல்லாவற்றுக்கும் மேலாக, 'உன் கை நல்ல கை' என்று அவன் சொன்னான்.

"இன்னும் குத்தலையாம்மா?" என்றார் தாத்தா கண்ணைத் திறக்காமல்.

வேலை முடிந்ததும் பின்பக்கத் தெருவுக்கு ஓடினாள். ரிப்போர்ட் கொடுக்கும் கெடு நெருங்கிய காலம். கடைவாசலில் தாள்கட்டும் கையுமாக மாணவிகள் நின்றார்கள். உள்ளே பசை வாசனை. பைண்டர் முதுகைக் காட்டிக்கொண்டு அட்டைக்குத் துணி ஒட்டிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா கறுப்புக் கண்ணாடியோடு, ராணி மாதிரி, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். புத்தகம் அவள் மடியில் இருந்தது.

"கத்திரியா? செருப்புச் சத்தத்துலயே தெரியும். வா, வா. ரயிலு ஊதிடுச்சு. இன்னைக்குக் கடைசி அத்தியாயம்."

"இன்னும் படிக்கலையாம்மா?" போன உயிர் திரும்பி வந்தது கத்திரிக்கு. "பாஸ்டரம்மா அந்தப் புக்கை உடனே கேட்டாங்க. ஏதோ பைண்டிங் சரியில்லையாம். நான் வாங்கிட்டுப் போய்..."

"பைண்டிங் சரியில்லாத புக்கை பைண்டர் கடையிலேர்ந்து வாங்கிட்டுப் போறியா?" அம்மா புத்தகத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "அதெல்லாம் தர முடியாது. ரெண்டு நாளா ரயில்ல உக்கார வெச்சிருக்கான் அந்தப் பொண்ணை. கேட்டா வேலை, வேலைங்கறான். வாசிச்சாலும் இவன் நல்ல இடமா பார்த்து முழுங்கிடறான். நீ உக்காரு. நீயே வாசி."

தேள் கொட்டியது போல இருந்தது கத்திரிக்கு. ஆனால் கண் ஆபரேஷன் ஆன அம்மா நாற்காலியை இழுத்துப் போடச் சொல்லும்போது யாரால் கம்பி நீட்ட முடியும்? உட்கார்ந்தாள். புத்தகத்தைத் திறந்தாள். ஒரு யோசனை மின்னியது: வாசிக்கும்போதே மாற்றிவிட்டால் போயிற்று. அம்மாவுக்குக் கண்ணாடி, பிள்ளைக்கு முதுகு. தொண்டையைச் சரி செய்துகொண்டு தொடங்கினாள். ரயில் நிற்கும்வரை ஒரு வம்பும் இல்லை.

"'அவன் குதிரையிலிருந்து குதித்தான். தன் விரல்களில் ஒட்டியிருந்த... பனியைத் துடைத்துக்கொண்டான்.'"

"பசையை" என்றார் பைண்டர். திரும்பவில்லை.

கத்திரியின் விரல் அந்த வரியிலேயே நின்றது.

"'விரல்களில் காய்ந்திருந்த பசையைச் சட்டையில் தேய்த்துத் துடைத்தான்'னு இருக்கும்" என்றார் அவர், துணியை நீவிக்கொண்டே. "அப்புறம் அவ விரல்ல ஊசி குத்தும். அவன் கண்ணை மூடிக்குவான்."

"டேய், நீ படிச்சுட்டியா?" என்றாள் அம்மா.

"புக்கு வந்த ஞாயித்துக்கிழமையே. உனக்கு வாசிக்கறதுக்கு முன்னாடி எதையெல்லாம் விடணும்னு பார்த்து வெச்சுக்குவேன்ல." இப்போது திரும்பினார். மீசையில் ஒரு நூல் ஒட்டியிருந்தது. முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. "திறந்ததுமே டீ வாசனை அடிச்சுது சிஸ்டர். முதுகுல போட்டிருக்கறது அட்டைக்குப் போடற பசை. இருந்தாலும் நிஜமான முடிவோன்னு ஒரு சந்தேகத்துல படிச்சுக்கிட்டே போனேன். ஒரு பக்கத்துக்கு அடியில 'வெறும் வயிற்றில் எடுக்கப்பட்டது'ன்னு அச்சாகியிருக்கு. குதிரைப் பண்ணையில யாருக்கு சுகர் பார்த்தாங்க?"

வாசலில் நின்ற மாணவிகளில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கத்திரிக்கு அங்கிருந்த பசைத் தொட்டியில் குதித்துவிடலாம் போல இருந்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது? டப்பா, ரோஜா, பாஸ்டரம்மா, அண்ணி, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். "அந்த நிஜ முடிவு இப்ப ஊர் ஊரா நன்றி அட்டையில ஒட்டிக்கிட்டு இருக்கு. பாஸ்டரம்மாகிட்ட நாளைக்கே சொல்லிடறேன். உங்ககிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும். மன்னிச்சுக்குங்கம்மா" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா அந்தக் கையை விடவில்லை. "ரத்தம் பார்த்தா கண்ணை மூடுவான். விரல்ல பசை. அந்தக் குதிரைக்காரனுக்கு அம்மா இருக்காளா?"

"இருக்காங்க" என்றார் பைண்டர். "அவங்க பையை மறந்துட்டுப் போவான்."

"மண்டூன்னு கூப்பிடுவாளா?"

"ரெண்டு இடத்துல."

அம்மாவின் கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே வாய் மெல்ல விரிந்தது. "சரி, முடிவைச் சொல்லு. அந்த மண்டூ கேட்டானா?"

பைண்டர்தான் சொன்னார். "கேக்கலம்மா. எழுந்து நிக்கறான், வாயைத் திறக்கறான், அடுத்த வரியில மணி அடிச்சுக் கல்யாணம் முடிஞ்சுடுது."

"கேக்காம எப்படிடி கல்யாணம் நடக்கும்?" அம்மா கத்திரியின் கையைப் பிடித்து உலுக்கினாள். "ஏன் எழுதல?"

கத்திரி தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்குத் தெரியலைம்மா. எத்தனையோ பேர் கேட்டதைப் படிச்சிருக்கேன். அந்த ஆள் எப்படிக் கேப்பான்னு மட்டும் எனக்கு வரலை." சொல்லி முடித்ததும் கண் நிறைந்துவிட்டது. முப்பத்தெட்டு வயதில், பசை வாசனைக்கு நடுவே, அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பெண் இதற்குமேல் என்னத்தைச் சொல்ல முடியும்?

பைண்டர் தூரிகையைக் கீழே வைத்தார். வேலை மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். மண்டியிடலாமா என்று தரையைப் பார்த்தார். தரை முழுக்கக் காகிதத் துண்டு, போதாததற்கு ஒரு மாணவியின் பை. நின்றபடியே ஆரம்பித்தார்.

"எனக்கு நாப்பத்திமூணு வயசு ஆயிடுச்சு சிஸ்டர்..."

"சிஸ்டரா?" என்றாள் அம்மா.

"எனக்கு நாப்பத்திமூணு வயசு ஆயிடுச்சு. கடை வாடகைக் கடை. ரிப்போர்ட் சீசன் முடிஞ்சா அவ்வளவா வேலை இருக்காது. குதிரை ஓட்டத் தெரியாது, ஸ்கூட்டரே இப்பத்தான் பழகினேன். அம்மா பேசிக்கிட்டே இருப்பாங்க..."

"சரி" என்றாள் கத்திரி.

"...காது கொஞ்சம் மந்தமா இருக்கலாம்னு டாக்டர் சொன்னார், எனக்கு, அம்மாவுக்கு இல்ல. ஒவ்வொரு மாசமும் நீங்க ஊசி எடுக்கும்போது சுவத்துல மாட்டியிருக்கற கண்ணாடியில உங்க முகத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பேன், அது ரத்தத்துக்குப் பயந்து மட்டும் இல்ல..."

"அண்ணா" என்றாள் வாசலில் நின்றவள், தாள்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. "அவங்க அப்பவே சரின்னுட்டாங்க."

பைண்டர் நிறுத்தினார். "என்னது?"

"சரின்னுட்டாங்க! முடிஞ்சுது! என் ரிப்போர்ட்டை எடுங்க!"

அம்மா ஒரு கையால் கண்ணாடிக்கு மேலே நெற்றியில் அடித்துக்கொண்டாள். மறு கை இன்னும் கத்திரியிடம் இருந்தது. "மண்டூ, மண்டூ. பொண்ணு சரின்னது காதுல விழாம பேசிக்கிட்டே நிக்கறானே. போதும்டா, நிறுத்து."

"நிறுத்தச் சொல்லாதீங்க அத்தை" என்றாள் கத்திரி. அந்த அத்தை எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. கன்னத்தில் கண்ணீரும் வாய் நிறையச் சிரிப்புமாக நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். "இத்தனை வருஷமா ஊர்ல இருக்கற எல்லாப் பொண்ணுங்களையும் ஒவ்வொருத்தன் கேட்டதைப் படிச்சுப் படிச்சு மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன். என்னை ஒருத்தர் இப்பத்தான் கேக்கறார். நான் அவசரப்பட்டு நடுவுல பேசிட்டேன். முதல்லேர்ந்து சொல்லச் சொல்லுங்க."

மாணவிகள் தாள்கட்டுகளைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். பைண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாற்பத்து மூன்று வயதிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.